84 பேரில் ஒரே ஒரு நீச்சல்காரர்

2024-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த பாரிஸ் பாராலிம்பிக் முடிந்த அன்று எல்லோரும் இந்தியாவின் பதக்கக் கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், மொத்தம் 29. டோக்கியோவில் 19, ரியோவில் 4, லண்டனில் ஒன்றே ஒன்று என்று பின்னால் போய்ப் பார்த்தால் இது எத்தனை பெரிய ஏற்றம் என்று தெரியும். நானும் பகிர்ந்தேன், எனக்கும் பெருமைதான். ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு கணக்கை: யார் யார் எந்த விளையாட்டுக்குப் போனார்கள் என்பதை. மொத்தம் 84 பேர். தடகளத்துக்கு 38, பேட்மின்டனுக்கு 13, துப்பாக்கி சுடுதலுக்கு 10, வில்வித்தைக்கு 6 என்று இறங்கிக்கொண்டே வந்தால் நீச்சலுக்கு 1.

மண்டபத்துப் பக்கம், வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்க்காரனுக்கு அந்த ஒன்று கண்ணில் படாமல் போகாது. அதிலும் பாரிஸில் மொத்தம் இருந்த 549 தங்கங்களில் 141 நீச்சல் குளத்துக்குள் கிடந்தன. தடகளத்துக்கு 164, அதற்கு அடுத்த பெரிய புதையல் நீச்சல்தான். அங்கே போய் அள்ள நாம் அனுப்பியது சுயஷ் ஜாதவ் என்ற ஒருவரை. சோலாப்பூர் பக்கத்துக்காரர், சின்ன வயதில் மின்சாரம் தாக்கி முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளையும் இழந்தவர்.

உண்மையில் நீச்சலில் நம் ஆள் யார் என்ற கேள்வியை முதலில் கேட்டது என் பெரியம்மா மகன். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் வலை இழுக்கும்போது வின்ச்சில் ஓடிய வயர் காலைச் சுற்றிவிட்டது. இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிபண்ணிக் கொடுக்கிறார். பாரிஸுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் முக்கியமான போட்டிகள் எல்லாம் ராத்திரியில்தான் வந்தன. வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு என் கைபேசியை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து நாங்கள் இரண்டு பேரும் பார்ப்போம். சுமித் அன்டில் ஈட்டியை 70.59 மீட்டர் எறிந்து, டோக்கியோவில் தான் வைத்திருந்த 68.55 மீட்டர் பாராலிம்பிக் சாதனையைத் தாண்டியபோது அண்ணன் ஈட்டியைப் பார்க்கவில்லை, சுமித்தின் காலைப் பார்த்தார். "நம்ம கால் மாதிரிதான்டா. முட்டி இருக்கு, அதான் அந்த ஊன்று ஊன்றாப்ல." பைக் விபத்தில் காலை இழந்தவர் சுமித், அதுவும் இடது கால், அதுவும் முட்டிக்குக் கீழேதான். அதைச் சொன்னதும் அண்ணனுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம்தான் கேட்டார்: "சரி, நீச்சல்ல நம்மாளு யாரு இருக்கா?"

ஒருத்தர் இருக்கிறார் என்றேன். "ஒருத்தரா? இம்புட்டு பெரிய நாட்டுல?"

இதில் வேடிக்கை என்னவென்றால், பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கிய முதல் பதக்கமே தண்ணீரில் வந்ததுதான். 1972, அப்போதைய மேற்கு ஜெர்மனியில் ஹைடல்பெர்க். முரளிகாந்த் பேட்கர் என்ற ராணுவ வீரர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 37.33 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். பட்டாளத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 போரில் குண்டுக் காயம் பட்டு, குத்துச்சண்டை முடிந்து, நீச்சலுக்கு வந்தவர். அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு பாராலிம்பிக் நீச்சல் குளத்திலிருந்து நமக்கு ஒரு வெண்கலம்கூட வரவில்லை. திறமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பிரசாந்த கர்மாகர் வெண்கலம் வாங்கினார். 2014 இஞ்சியோன் ஆசிய பாரா போட்டியில் பெங்களூருவின் சரத் கெய்க்வாட் ஆறு பதக்கங்களோடு திரும்பினார். ஒவ்வொருவராக வருகிறார்கள், போகிறார்கள். பின்னால் வரிசை இல்லை.

பாரா நீச்சலை முன்பின் பார்த்திராதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பிரேசிலின் கேப்ரியேல் அராவ்ஜோவுக்கு இரண்டு கைகளும் இல்லை, கால்களும் மிகக் குட்டை. பாரிஸில் எஸ்2 பிரிவில் (உடல் குறைபாட்டுப் பிரிவுகளில் எண் குறையக் குறையக் குறைபாடு கூடுதல்) மூன்று தங்கம் வாங்கினார். மல்லாக்கப் படுத்து உடம்பை மட்டும் வளைத்து வளைத்து அவர் போன போக்கைப் பார்த்து அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஓங்கல் போற மாதிரில்லடா போறாப்ல!" ஓங்கல் என்றால் டால்ஃபின். சீனாவின் ஜெங் தாவ் என்பவரின் பழைய காணொலிகளையும் தேடிப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் மின்சாரத்தில்தான் கைகள் போயின. டோக்கியோவில் நான்கு தங்கம். மல்லாந்து நீந்தும் போட்டி தொடங்கும்போது மற்றவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார்கள், இவர் ஒரு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். முடிவில் சுவரைத் தொடுவது தலையால். முட்டுகிறார் என்றே சொல்லலாம். முழு வேகத்தில் வந்து கான்கிரீட் சுவரில் தலையை முட்டத் தயங்கினால் தங்கம் போய்விடும்.

பார்வையற்றவர்களுக்கான பிரிவு இன்னொரு அதிசயம். குளத்தின் இரண்டு முனையிலும் ஆட்கள் நீளமான கம்பின் நுனியில் பஞ்சுருண்டை மாதிரி ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீந்துபவர் சுவரை நெருங்கும்போது தலையிலோ முதுகிலோ ஒரு தட்டு. அந்தத் தட்டு அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் திரும்பும் கணக்கு தப்பிவிடும். நீந்துபவரோடு தட்டுபவரும் மாதக்கணக்கில் பழக வேண்டும். யாருக்கும் செயற்கைக் கால், செயற்கைக் கை எதுவும் தண்ணீருக்குள் கிடையாது. இருக்கிற உடம்போடு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்த விதி. கரையில் அவருக்குச் செயற்கைக் காலோடு தினமும் சண்டை. மணலில் புதையும், உப்புத் தண்ணீர் பட்டால் திருகு துருப்பிடிக்கும். கடலுக்குள் இறங்கும்போது அதைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போவார். ஒருதரம் ஆளில்லாமல் படகு மேல் வைத்துவிட்டுப் போய், நாய் இழுத்துக்கொண்டு ஓடி, ஊரே சிரித்துக்கொண்டு பின்னால் ஓடியது. ஆனால் இடுப்பளவு தண்ணீர் தாண்டிவிட்டால் அவரை எங்களில் ஒருவராலும் பிடிக்க முடியாது. ஒரு காலில் முட்டிக்குக் கீழே இல்லாதவர்கள் நீச்சலில் பெரும்பாலும் எஸ்9, எஸ்10 பக்கம் வருவார்கள், கிட்டத்தட்ட கடைசி எண்கள், அதாவது உடல் குறைபாட்டுப் பிரிவுகளிலேயே லேசானவை என்று நான் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "நமக்குப் பெரிசா ஒண்ணுமில்லைங்கிறாய்ங்களா?"

இங்கேதான் பலரும் எழுதுகிற மாதிரி நானும் எழுதிவிடலாம்: கடற்கரைப் பிள்ளைகள் பிறவி நீச்சல்காரர்கள், வாய்ப்புக் கொடுத்தால் பதக்கங்களை அள்ளிவிடுவார்கள் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடலில் நீந்துவது வேறு, குளத்தில் பந்தயம் போவது வேறு. நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறவர்கள். அலை எங்கிருந்து வருகிறது, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் செத்தோம். குளத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் வேகம் போகும். எங்களுக்கு முக்கியம் களைத்துப் போகாமல் கரை சேர்வது. அங்கே 50 மீட்டரில் இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டித் தீர்க்க வேண்டும். மேடையிலிருந்து பாய்வது, சுவரில் புரண்டு திரும்புவது, திரும்பியதும் தண்ணீருக்கடியில் உதைத்து வெளியே வருவது எதுவும் கடல் சொல்லிக் கொடுக்காது. கடலுக்குச் சுவர் ஏது? தண்ணீரைக் கண்டு பயம் இல்லாமல் இருப்பது ஒன்றுதான் எங்கள் முதலீடு. அதற்கு மதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது தொடக்கத்துக்கான காசு மட்டும்.

கடல்தான் களம் என்றால் கதை வேறு. 2022 மார்ச் 20 அன்று ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளை. கடற்படை வீரர் ஒருவரின் மகள், மும்பையில் வளர்ந்தவர். தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் கரையேறியபோது இந்தப் பக்கமே அதைப் பேசியது. எங்கள் கடலை நீந்திக் காட்ட மும்பையிலிருந்து ஒரு பிள்ளை வர வேண்டியிருந்தது என்று அப்போது ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். மும்பையில் அவளுக்குப் பயிற்சியாளரும் குளமும் பின்னால் நிற்க அப்பாவும் இருந்தார்கள், பெரியவரே.

தண்ணீருக்குப் பக்கத்தில் பிறப்பதற்கும் தண்ணீர் விளையாட்டில் பதக்கம் வாங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்பதற்குப் படகுப் போட்டியைவிட நல்ல சாட்சி கிடையாது. பாரா கேனோ என்ற துடுப்புப் படகுப் போட்டிக்கு இந்தியா பாரிஸுக்கு அனுப்பியது மூன்று பேரை. அதில் பிராச்சி யாதவ் குவாலியர்க்காரர், பூஜா ஓஜா பிண்ட் ஊர்க்காரர். இரண்டு பேருமே மத்தியப் பிரதேசம், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்கள். போபாலில் ஏரி இருக்கிறது; ஏரிக்கரையில் படகும் பயிற்சியும் இருக்கின்றன. பிராச்சி ஒரு பக்கம் மிதவை கட்டிய தோணியில் டோக்கியோவிலும் பாரிஸிலும் இறுதிப் போட்டிவரை போனார். இங்கே வள்ளத்தில் பிறந்து வள்ளத்தில் வளர்ந்தவர்களிடம் இப்படி ஒரு போட்டி இருப்பதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

பாரிஸின் 29 பதக்கங்களில் 17 தடகளத்தில் வந்தன. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் அதிசயம் எதுவும் இல்லை, அடுத்தடுத்து ஆள் நின்றதுதான் தெரிகிறது. தேவேந்திர ஜஜாரியா 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் கைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அவருடைய எஃப்46 பிரிவுக்கு ஈட்டிப் போட்டியே வைக்கவில்லை. மனிதர் 12 வருடம் காத்திருந்து 2016 ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து மறுபடி தங்கம் வாங்கினார். அவரைப் பார்த்து ஒரு தலைமுறை ஈட்டியைத் தூக்கியது. ஹரியாணாவில் ஊருக்கு ஊர் பயிற்சி, பட்டாளத்தில் காயம்பட்ட வீரர்களுக்கென்று புனேயில் தனிப் பயிற்சி மையம். கண்ணிவெடியில் காலை இழந்த நாகாலாந்தின் ஹொகாடோ செமா அந்த மையத்தில்தான் குண்டு எறியத் தொடங்கினார், பாரிஸில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம்.

எனக்கு இதில் மறக்க முடியாதவர் தரம்பிர். சோனிபட்காரர். ஊர்க் கால்வாயில் ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதித்து, கழுத்துக்குக் கீழே பெரும்பகுதி செயலிழந்து போனவர். பாலத்திலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் பையன்கள் குதிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் வயிறு கலங்கும். வடகடல் வற்றம் இருக்கிற நேரத்தில் எத்தனை அடி என்று குதிக்கிறவனுக்கே தெரியாது. தரம்பிர் விளையாடியது கிளப் த்ரோ, கிட்டத்தட்ட 400 கிராம் எடையுள்ள ஒரு மரக்கட்டையைத் தூக்கி எறிகிற போட்டி. விரல்களில் பிடி இல்லாதவர்களும் எறியலாம். பாரிஸ் இறுதியில் முதல் நான்கு எறிதலும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம். வெள்ளியும் இந்தியாவுக்கே, பிரணவ் சூர்மா. அவர்களுக்கு வழிகாட்டியான அமித் சரோஹாவும் அதே போட்டியில் எறிந்தார், பதக்கம் இல்லை. குருவும் சீடனும் ஒரே களத்தில் நிற்கிற அளவுக்கு அங்கே அந்த விளையாட்டு வேர்விட்டிருக்கிறது. நீச்சலில் அப்படி யார் யாருக்குக் குரு?

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆறு பேர் போனார்கள், நான்கு பதக்கம். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம், மூன்றும் பேட்மின்டன், மூன்றும் செப்டம்பர் 2 அன்று. மறுநாள் மாரியப்பன் தங்கவேலு 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். ரியோவில் தங்கம், டோக்கியோவில் மழையில் நனைந்துகொண்டே வெள்ளி, இப்போது இது. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். இங்கே நள்ளிரவைத் தாண்டியிருந்தது, அண்ணன் விசில் அடித்துப் பெரியம்மாவை எழுப்பிவிட்டார். இந்த நான்கு பேரின் ஊரையும் பாருங்கள்: காஞ்சிபுரம், திருவள்ளூர், ஓசூர், சேலம் பக்கம். கடற்கரை ஊர்கள் எல்லாம் பின்தங்கியவை என்று ஒரேயடியாகப் புலம்ப இதைச் சொல்லவில்லை. பேட்மின்டனுக்கு ஒரு கூடம் போதும், பயிற்சியாளர் ஒருவர் போதும். அது இருக்கிற இடத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

எங்கள் கரையில் ஆட்களுக்கா பஞ்சம்? சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. வின்ச்சில் விரல் போனவர்கள் இருக்கிறார்கள். கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கப் போய்க் கை போனவர்களும் உண்டு. அது சட்டவிரோதம் என்பதால் அவர்கள் எப்படிப் போயிற்று என்றுகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி முதுகுத்தண்டைத் தாக்கும். நேற்று வரை கடலடியில் நடந்தவர் இன்று இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடப்பார். இப்படி முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கு உட்கார்ந்து எறிகிற போட்டிகளில் எஃப்51 முதல் எஃப்57 வரை பிரிவுகள் இருக்கின்றன. வீச்சு வலை வீசிப் பழகிய தோள் அங்கே வீணாகாது. ஆனால் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அலைந்த களைப்பில் விளையாட்டு என்ற பேச்சே எடுபடுவதில்லை, நியாயம்தான்.

அந்த அட்டையைப் பற்றியும் ஒரு குழப்பம். அரசு சலுகைக்கு 40 சதவீதம் என்பது அளவுகோல். அதே சதவீதத்தைக் காட்டி விளையாட்டில் பிரிவு கேட்க முடியாது. உங்கள் குறைபாடு அந்தக் குறிப்பிட்ட விளையாட்டை எவ்வளவு தடுக்கிறது என்று அவர்கள் தனியாகச் சோதிப்பார்கள். நீச்சல் என்றால் தண்ணீரில் இறக்கியே பார்ப்பார்கள். டோக்கியோவில் வட்டு எறிதலில் வெண்கலம் வாங்கிய வினோத் குமாருக்கு, அந்தப் பிரிவுக்கு அவர் பொருந்த மாட்டார் என்று சொல்லிப் பதக்கத்தையே திரும்ப வாங்கிவிட்டார்கள். காது கேளாதவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமே இல்லை, அவர்களுக்குத் தனியாக டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த அந்தப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். அவரை ஏன் பாரிஸுக்கு அனுப்பவில்லை என்று கோபமாகக் கேட்ட ஒரு நண்பருக்கு இதை விளக்கவே ஒரு தேநீர் நேரம் ஆயிற்று.

அண்ணனுக்கு இனிப் போட்டிக்கு வயதில்லை. ஆனால் அந்த செப்டம்பரிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், பிறவியிலேயே வலது முன்னங்கை இல்லை. அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர், தீவுப் பக்கம் முங்கி முங்கிப் பாசி பறித்து வருகிறவர். பிள்ளையும் தண்ணீரில் தயங்காது. மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நடக்கிற போட்டிகளில் அவள் ஓட்டத்தில் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறாள். நான் பார்த்தவரை அங்கே நீச்சல் வைத்ததில்லை. அண்ணன் அவள் அம்மாவிடம் போய், ராமநாதபுரத்தில் முறையாகப் பழக்கலாம் என்று பேசினார். அந்த அக்கா பதக்கம், பாரிஸ், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் எதைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்: "பஸ்ஸுல யாரு கூட்டிட்டுப் போறது? நான் பாசிக்குப் போகாத அன்னிக்குச் சோத்துக்கு என்ன பண்றது? பொம்பளப் புள்ள என்ன உடுப்புப் போட்டு எறங்கும், அங்கன பொம்பள வாத்தியாரு இருக்காகளா?"

உடுப்புக்கு அண்ணனிடம் பதில் இருந்தது, முட்டி வரை வருகிற உடையில் போட்டிக்கே இறங்கலாம் என்று கைபேசியில் படம் காட்டினார். பஸ்ஸுக்கு அண்ணி கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வாரத்தில் ஒருநாள் என்றால் முடியும், அதற்கு மேல் அண்ணிக்கும் வேலை இருக்கிறது. பெண் பயிற்சியாளர் விஷயமாக நான் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நடுக் கேள்விக்கு எங்கள் மூன்று பேரிடமும் பதில் இல்லை. அதற்குள் அண்ணன், கரையோரம் அவள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்து, "கால முட்டியோட மடக்கி ஒதைக்கிறா, இடுப்புலேர்ந்து ஒதைக்கணும், மொதல்ல அதை மாத்தணும்" என்று என்னிடம் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்.